டீம் மாறிய டிரெய்லர்காரர்

எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை வரிசையில் நிறுத்திச் சீட்டு சரிபார்க்கும் வேலை எனக்கு. அங்கேதான் அந்த டிரைவரைப் பார்த்தேன். கீழே லுங்கி, மேலே ரேஸ்காரர்கள் போடும் சிவப்புத் தொப்பி. லாரி ஒரு மணி நேரத்தில் பத்தடி நகரும். அவரோ ஸ்டியரிங்கில் செல்போனைச் சாய்த்துவைத்துக் கார் ரேஸ் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அவர் முகம் வாடியிருந்தது.

"இன்னாண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"ரேஸ்ல கார் ஓட்டுற நம்மாளு டீம் மாறப் போறானாம் நைனா. அதுவும் இத்தினி வருசமா மோதிக்கினு கெடந்த எதிரி டீமுக்கு! சோறு போட்ட கம்பெனிய வுட்டுட்டுப் போறவன்லாம் ஒரு மனுசனா?"

அன்று அவர் டீ கூடக் குடிக்கவில்லை.

அடுத்த வாரம் புது லாரி ஒன்றில் வந்தார். அவருடைய பழைய முதலாளிக்கு ஜென்ம விரோதியான கம்பெனியின் லாரி அது. நான் லாரியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னா லுக்கு வுடுற? அவன் துட்டுக்குப் போறான். நான் ஏசிக்குப் போனேன். ரெண்டும் ஒண்ணா?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கத்திரி வெயிலில் நின்றுகொண்டிருந்த எனக்கும், இரண்டும் ஒன்றில்லை என்றுதான் தோன்றியது.