அலமாரியில் இருந்த ஜாடி

கௌசல்யா யாரோடும் வாதாட மாட்டாள். நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ என்பாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ விடமாட்டாள். அது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகம். மீன் சந்தையில் வீசி எறியும் முள்ளையும் தலையையும் வாங்கிவந்து, வேகவைத்துச் சதை நீக்கி, உலையில் வெள்ளையாகும்வரை சுட்டு, அரைத்து, சிறு வில்லைகளாக அழுத்துவது அவளுடைய ஆராய்ச்சி. உடைந்த எலும்புக்குள் வில்லையை வைத்தால், அதைப் பற்றிக்கொண்டு புது எலும்பு வளர வேண்டும். மனிதருக்கு முன் முயலுக்கு வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு வருட உழைப்பில் அது ஒன்றுதான் பாக்கி.

ஜூன் மாதம். விசைப்படகுகளுக்கு டிராலிங் தடை வந்துவிட்டது. பெரிய மீன் கரைக்கு வரவில்லை. முள்ளும் இல்லை.

வழிகாட்டி மகேஷ்குமாருக்கு அது ஒரு காரணமே இல்லை.

"முயல் ரிசல்ட் இல்லாம எக்ஸ்டென்ஷனுக்கு ஒப்பு போட மாட்டேன். மீன் கிட்டலையா? அப்போ மீன் விக்கப் போ."

மலையாளம் கலந்த தமிழில், மற்ற மாணவர்கள் முன்னால் சொன்னார். ஒருவன் சிரித்தான்.

அன்று மாலை, ஈரம் ஏறாத அலமாரியின் அடித்தட்டில் ஒரு ஜாடியைப் பார்த்தாள். உள்ளே சுட்ட எலும்பு. வெள்ளை. விரலால் நசுக்கினால் பொடிந்தது. எப்போதோ சுட்டு மறந்துபோனது என்று நினைத்தாள். ஜாடியில் பெயர் ஒட்டவில்லை. எந்த எலும்பும் சுட்டுப் பொடித்துவிட்டால் பார்வைக்கு ஒன்றுதான். அரைத்தாள். வில்லைகள் செய்தாள். வெள்ளிக்கிழமை முதல் வில்லை ஒரு முயலின் தொடை எலும்புக்குள் போனது.

ஞாயிறு மதியம் மற்ற வில்லைகளோடு தனியாக இருந்தாள். வெளியே மழை. உடம்பின் நீரைப்போல உப்புகள் சேர்த்த திரவத்தில் வில்லைகளை ஊறப்போட்டாள். சில நாள் ஊறினால் மேலே ஒரு படலம் பிடிக்கும். அதுவும் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும்.

வெளியே யாரோ இருமினார்கள். வறண்ட இருமல். சிமெண்டுத் தூசி தின்ற நெஞ்சு இருமுவதுபோல.

எட்டிப் பார்த்தாள். நடையில் யாருமில்லை.

திரும்பி வந்தபோது தராசில் எண் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு காலி. எண் மட்டும் ஏறியது. பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கினாள். மறுபடி ஏறியது. மெல்ல... யாரோ சிட்டிகை சிட்டிகையாகத் தூவுவதுபோல.

கட... கட... கட...

அரவை இயந்திரம். உள்ளே குண்டுகள் உருண்டன. அதன் பிளக் மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. வன்னியராஜை அழைத்தாள். ஆய்வகத்தின் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். அப்பா இங்கே வைத்து இறந்து, காரியத்துக்காகச் சொந்த ஊருக்கு, சங்கரன்கோவில் பக்கம் போயிருந்தான்.

"வன்னியராஜ், தராசு என்ன ரிப்பேரா? மேல ஒண்ணுமே இல்லை, ஏறிண்டே போறது."

"நான் லீவு மேடம். இப்பதான் தம்பானூர்ல வந்து எறங்குதேன்."

"சரி. இன்னொண்ணு. அடித்தட்டுல ஒரு ஜாடி இருந்துதே, அது எந்த மீன்?"

போனில் பேருந்துகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"தொட்டியளா?"

"அரைச்சாச்சு."

"மேடம்... அது எங்க அப்பா."

சாலை பஜாரில் அவன் குடியிருந்த வீட்டுக்காரர் அஸ்தியை உள்ளே விடவில்லை. மஸ்கட்டிலிருந்து அக்கா வந்ததும் கன்னியாகுமரியில் கரைக்க வேண்டும். அதுவரை எங்கே வைப்பது? மழைக்காலத்தில் மண்கலயம் ஈரம் இழுக்கும். ஆய்வகத்துக்காரனுக்குத் தோன்றும் வழிதான் அவனுக்கும் தோன்றியது. சுத்தமான ஜாடி. ஈரம் ஏறாத அலமாரி.

சொல்லி முடித்ததும் அழைப்பு அறுந்தது.

இருமல் மறுபடி கேட்டது.

இந்த முறை அறைக்குள்.

கௌசல்யா திரும்பவில்லை. எதிரே இருந்த கண்ணாடிக் குவளையைப் பார்த்தாள். திரவம் பாதிதான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. மடக்... மடக்...

அடியில் வில்லைகள் வில்லைகளாக இல்லை. முனை பருத்து, நடு மெலிந்து வளர்ந்திருந்தன.

விரல் எலும்புகள்.

கதவுக்கு ஓடினாள். பிடியை அழுத்தினாள். திறக்கவில்லை.

மின்விசிறி நின்றது.

மழைச் சத்தமும் நின்றது.

பின்னால் மூச்சு. சூடாக.

அவளுடைய இடது மணிக்கட்டில் ஏதோ விழுந்தது. பொடி. வெள்ளைப் பொடி. அது கீழே உதிரவில்லை. மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

இறுகியது.

ஒன்று... இரண்டு... ஐந்து விரல்கள்.

எலும்பு நெரியும் சத்தம் கேட்டது.

அவளுடையது.

கதவு வெளியிலிருந்து திறந்தது. வன்னியராஜ் நனைந்துபோய் நின்றான். கதவு பூட்டியிருக்கவே இல்லை, தள்ளியதும் திறந்தது என்று பிறகு சொன்னான். தரையில் கிடந்த அவளுக்கு அவன் கைகொடுக்கவில்லை. தாண்டிப் போனான். குவளையைப் பார்த்தான். சாதாரண வில்லைகள். திரவம் விளிம்புவரை இருந்தது.

"இதுதானா?"

"வன்னியராஜ், எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. ஒரு பேராவது ஒட்டியிருக்கப்படாதா?"

"எங்க அப்பன் பேர லேபிள் அடிச்சு ஒட்டணுமோ? படிச்சவதான நீ? கேட்டுட்டு எடுக்கத் தெரியாதா?"

அன்றுவரை மேடம் என்றவன்.

இயந்திரத்தைக் கழற்றினான். குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான். மேசையைப் பிரஷ்ஷால் கூட்டினான். கையுறையை உதறினான். வில்லைகளும் பொடியுமாக எல்லாவற்றையும் சிவப்புத் துணியில் முடிந்துகொண்டான். அக்காவுக்குக் காத்திருக்கப்போவதில்லை, நேராகத் திருவல்லம் ஆற்றுக்குப் போகிறேன் என்றான்.

வாசலில் நின்று கேட்டான்.

"இவ்வளவுதானா? வேற எங்கயும் இல்லையே?"

முயலின் காலைத் திறந்து எடுத்தால் நான்கு வருடமும் போகும். மகேஷ்குமார் மறுமுறை அனுமதி தரமாட்டார்.

"இவ்வளவுதான்," என்றாள் கௌசல்யா.

மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாள். டாக்டர் எக்ஸ்ரேயையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். விழுந்தால் இப்படி முறியாதே என்றார்.

முயல் நன்றாக இருந்தது. சில வாரத்தில் வில்லையைச் சுற்றி எலும்பு பிடித்துவிட்டது. யாரும் எதிர்பார்க்காத வேகம். மகேஷ்குமார் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். "கண்டோ? மனசு வெச்சா நடக்கும்," என்றார். அதே எலும்பில் இன்னும் வில்லைகள் செய்யச் சொன்னார்.

வன்னியராஜ் வேலையை விட்டிருந்தான். அவள் முயலைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. முயல் கூடத்துக்காரர்களுக்கு அது மீன் முள்.

ஒரு மாலை அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கௌசல்யா வலியசாலையில் தன் வீட்டு மாடியில் இருந்தாள்.

"அப்பா வந்தாரு," என்றான். குரலில் கோபமில்லை. களைப்புதான் இருந்தது. "தினமும் வாறாரு. ஒரு கால இழுத்து இழுத்து நடக்காரு. மிச்சத்த எங்கடான்னு கேக்காரு."

அவள் எழுந்து கைப்பிடிச் சுவரருகே போனாள்.

"எனக்குத் தெரியாதுப்பான்னேன். முயலுக்குள்ள இருக்குங்காரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒனக்கு வெளங்குதா?"

"வன்னியராஜ்... போனை வைங்கோ."

"வைக்கேன். இன்னைக்கு ஒன் வீட்டக் கேட்டாரு. தெப்பக்குளம் தாண்டி எந்தத் தெரு, எத்தனாவது வாசல்னு."

அவன் மூச்சு விட்டான்.

"வழி சொல்லி அனுப்பியிருக்கேன்."