வெள்ளிக்கிழமை சுட்ட பலகாரம்

வெள்ளிக்கிழமை புதிய அணித்தலைவரை அறிவிக்கப்போகிறோம், உன் அம்மா சுடும் ரோல்ஸ் பலகாரத்தைக் கொண்டுவா என்று எங்கள் மென்பொருள் நிறுவனத்து மேலாளர் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தோழியைத்தான் அறிவிக்கப்போகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வேறு யாரை? பழைய தலைவர் போனதிலிருந்து அந்த வேலையைப் பார்த்தவள் அவள். சர்வர் விழுந்தால் மேலாளர் முதலில் கூப்பிடுவதும் அவளைத்தான்.

அவள் அமெரிக்கக் கறுப்பினப் பெண். சிசிலிக்காரரைக் கல்யாணம் செய்து பலெர்மோவுக்கு வந்தவள். கலிபோர்னியாவில் எந்த மென்பொருள் நிறுவனத்திலும் கூட்டத்துக்குப் போனால் தன்னைப் போல இன்னொருவர் இருக்கமாட்டார் என்பாள். வாசற்காவலில் இருப்பார்களாம், சாப்பாட்டுக்கூடத்தில் இருப்பார்களாம். அங்கே பதவி கைக்கெட்டிக் கைக்கெட்டி நழுவியிருக்கிறது. "இந்த முறையும் இல்லையென்றால் இந்தத் தொழிலையே விட்டுவிடுவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உனக்குத்தான், நிச்சயம் என்று அடித்துச் சொன்னவள் நான். பலகாரம் கேட்டுவிட்டாரே! நம் வீட்டு நல்ல காரியத்துக்குத்தானே எங்கள் ஈழத்து ஆட்கள் பலகாரம் சுடுவது. அந்த மனுசனுக்கும் அதுதான் அர்த்தம் என்று நம்பினேன்.

பலெர்மோவின் சீசாப் பகுதியில், எங்கள் வீட்டுச் சின்னக் குசினியில் அம்மா விடியவே அடுப்பை மூட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை என்பதால் மரக்கறி ரோல்ஸ். கஜு போட்டுக் கேசரியும் கிண்டினார்.

"அந்தப் பிள்ளைக்கு உறைப்புக் கூடிப்போச்சுதோ தெரியேல்லை."

"இல்லையம்மா, அவ நல்லாச் சாப்பிடுவா."

மேலாளர் அறிவித்தது மிலானோவிலிருந்து புதிதாக வந்த ஒருவரை. அவருக்கு எங்கள் வேலையைச் சொல்லிக்கொடுத்ததே என் தோழிதான். எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். பிறகு ஆளாளுக்கு ரோல்ஸை எடுத்தார்கள். "எனக்காகவா இவ்வளவும்?" என்று புதுத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மேலாளரைத் தனியாகப் பிடித்து ஏன் என்று கேட்டேன். "அவள் கெட்டிக்காரி, சந்தேகமே இல்லை. ஆனால் வாடிக்கையாளர்களுக்குப் பழகிய முகம் வேண்டாமா?" என்றார், வாயில் ரோல்ஸை மென்றபடி. இதை என் கறுத்த முகத்தைப் பார்த்தே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை ஏமாற்றியது போதாதென்று, என்னைக்கொண்டே அவளையும் நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார்.

அவள் மேசையிலிருந்த தன் பொருட்களைப் பையில் போட்டுக்கொண்டாள். "திங்கட்கிழமை வரமாட்டேன். உன் அம்மாவுக்கு நன்றி சொல்லு" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அம்மா சமையல் வேலைசெய்யும் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்து பின்னேரம் வந்ததும், வந்த களைப்போடேயே விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். கழற்றிய சப்பாத்தைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்.

"இந்த ஊருக்கு வந்த நாள்துவக்கம் இந்த வெள்ளைக்காரருக்குத்தான் சமைச்சுப் போடுறன். இண்டைக்கு ஒருநாள்தான் எங்கட ஆளுக்கெண்டு சமைச்சனான். அதையும் அவையே திண்டிட்டினம்."