கோணல் லேபிள் டப்பா

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் புரோட்டீன் பவுடர் அடைக்கிற கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். என் வேலை லேபிள் பார்ப்பது. பெல்ட்டில் வரும் டப்பாவில் லேபிள் கோணலாக இருக்கிறதா, சுருக்கம் விழுந்திருக்கிறதா, தேதி அச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, சரியில்லாததை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் என்னைத் தாண்டிப் போகாது. அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது நினைத்தாலும் அந்த நாட்கள் மேல் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. கவரைப்பேட்டையில் காலை ரயிலைப் பிடிப்போம். லேடீஸ் பெட்டியில் எங்கள் கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏறினால் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். மதியம் எந்த டிபன் பாக்ஸ் யாருடையது என்றே தெரியாது. கலவை அறையிலிருந்து வரும் தித்திப்பு காற்றிலேயே மிதக்கும். செயற்கை இனிப்பு அது. பெரிய தொட்டி நிறைய இருக்கும் தூளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும். மாஸ்க், தொப்பி எல்லாம் போட்டாலும் உதட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கும், கருவாட்டுக் குழம்பும் இனிக்கும். அதற்கும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

லேபிள் கோணிய டப்பாக்களைச் சனிக்கிழமை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள், முறை வைத்து ஆளுக்கு ஒன்று. லேபிள்தானே கோணல், தூளுக்கு ஏது கோணல்? என் முறை நெருங்கும் வாரத்தில் சில லேபிள்கள் என் கண்ணுக்குக் கூடுதல் கோணலாகத் தெரிந்ததை இன்று ஒத்துக்கொள்கிறேன்.

டப்பா என் மகளுக்குத்தான். அப்போது அவளுக்கு ஆறு வயது. ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். பால் என்றாலே ஓடுவாள். பெல்ட்டில் என் பக்கத்தில் நின்று மூடி போடும் அக்காதான் யோசனை சொன்னாள்.

"கடையில வாங்கணும்னா எம்மாம் டப்பு தெரியுமா? பணக்காரன் ஊட்டுப் பசங்க குடிக்கிறதுடி. பால்ல ரெண்டு ஸ்பூன் கலக்கிக் குடு, கொழந்த எப்டி தேறுதுன்னு பாரு."

கலக்கிக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரையும் நக்கினாள். எனக்கு அப்படியொரு நிம்மதி. தினமும் காலையில் கிளம்புவதற்கு முன் அவளை எழுப்பி, அந்தப் பாலைக் கொடுத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது.

ஒருநாள் குவாலிட்டி மேடம் பெல்ட்டை நிறுத்தினார். நான் சரி என்று அனுப்பிய டப்பாக்களைப் பெட்டியிலிருந்து திரும்ப இறக்கச் சொன்னார். லேபிள் எல்லாம் நேராகத்தான் இருந்தது. ஆனால் அச்சடித்து வந்த லேபிள் சுருளில் அடி விளிம்பு வெட்டுப்பட்டு, கடைசி வரி காணாமல் போயிருந்தது.

"நேரா இருக்கான்னு பாத்தா போதுமா? கடைசி வரி எங்க? அது இல்லாம ஒரு டப்பா கூட வெளிய போகக் கூடாது!"

"இன்னா வரி மேடம்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல டப்பா ஒன்றை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். பொடிப் பொடியாக இங்கிலீஷ். நான் பிளஸ் டூ பாஸ், படிக்கத் தெரியாதவள் அல்ல. இதில் செயற்கை இனிப்பு உள்ளது, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று போட்டிருந்தது.

ஆயிரக்கணக்கான தடவை என் கண் முன்னால் ஓடிய வரி. அது கோணலாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படிக்கவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

"சும்மா போட்டுக்கினு இருப்பான்டி. இதுக்கெல்லாம் பேஜாரு ஆவாத" என்றாள். ஆனால் மூடி போடும் கை நின்றுவிட்டது. அவள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் அதைத்தான் குடித்தார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, மகளையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா பொறுமையாக லேபிளைப் படித்தார்.

"இந்த அளவு குடிச்சதுல ஒண்ணும் ஆயிருக்காது, பயப்படாதீங்க. ஆனா வளர்ற குழந்தைக்கு இது தேவையே இல்ல. நிறுத்திடுங்க."

"பின்னாடி ஏதாச்சும் வருமா டாக்டர்?"

"வரும்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லம்மா. வரவே வராதுன்னு சத்தியம் பண்ணவும் முடியாது."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பேன்! இன்று அவள் காலேஜ் முடித்து என்னைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிறாள். ஒரு குறையும் இல்லை. இருந்தும் தலைவலி என்று அவள் படுத்தால் என் கை தானாக அவள் நெற்றிக்குப் போய்விடும்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் தூளைச் சாக்கடையில் கொட்டினேன். அடுத்த நாள் காலை வெறும் பாலில் சர்க்கரை போட்டு நீட்டினேன். ஒரு வாய் வைத்துவிட்டு மகள் துப்பினாள். அந்தத் தித்திப்புக்குப் பழகிய நாக்குக்குச் சர்க்கரை எம்மாத்திரம்?

"இன்னாம்மா இது? கம்பெனி தூளு எங்க?"

"கம்பெனில இனிமே தர மாட்டாங்க கண்ணு. தீந்து போச்சு."

அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நல்ல சேதி கேட்டவள் போல முகம் மலர்ந்து, என் தோளில் மாட்டியிருந்த பையைப் பிடித்துக் கழற்றினாள்.

"அப்ப இனிமே நீ அங்க போவ வேணாம் இல்ல? ஊட்லயே இருப்ப இல்ல?"

அந்தத் தூளைக் கொண்டுவரத்தான் அம்மா தினமும் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக என்னை அனுப்பியிருக்கிறாள்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போனேன்.