கண்ணுசாமி அண்ணன் விடாத மைக்

கண்ணுசாமி அண்ணனுக்கு வெல்டிங் பட்டறைதான் பிழைப்பு. ஆனால் தை பிறந்துவிட்டால் குன்றாண்டார்கோவில் பக்கத்து ஜல்லிக்கட்டுகளில் மைக் அவர் கையில்தான். ஒரு மாடு ஓடி மறைந்து அடுத்த மாடு வருவதற்குள் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவார்.

"தங்கம் வெல ஏறுற வேகத்துல வருது பாருங்க! தம்பி, கடைசி ஓவர்ல கேட்ச் விட்ட மாதிரி விட்டுறாத! அமெரிக்காவும் சீனாவும் மொறச்சுக்கிட்ட மாதிரி நிக்குதுகய்யா ரெண்டும்! மொத நாள் மொத ஷோவுக்குக்கூட இம்புட்டு விசில் பறக்கல!"

எந்தப் பக்கமும் சாயாமல் பேசுவார் என்றுதான் கமிட்டி அவரைக் கூப்பிடும்.

இந்த வருஷம் அவர் மகள் சத்யா வளர்த்த காளை வந்தது. ஒரு வீரர் பாய்ந்து திமிலைக் கட்டிக்கொண்டார். எல்லைக்கோடு வரை விடாமல் போனால் பரிசு அவருக்கு. இன்னும் நாலடிதான். அதற்குள் அண்ணன், "மாடு ஜெயிச்சிருச்சு!" என்று அலறிவிட்டார். ஸ்பீக்கரை நம்பி வீரர் பிடியை விட்டார். கூட்டம் கொந்தளித்தது. அண்ணன் பேச்சைக் கேட்கவே போகும் எனக்கே கெட்ட கோபம்.

காளையைப் பிடித்துக் கட்ட அதன் பின்னால் ஓட வேண்டிய சத்யா, மேடைக்கு ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"அப்பா சொன்னது தப்புங்க. பரிச அந்த அண்ணனுக்கே குடுங்க."

விசில் வானத்தைப் பிளந்தது. அண்ணன் மைக்கைத் திரும்ப வாங்கினார்.

"ஐ.நா. சபையில இல்லாத நடுநிலை எம் மககிட்ட இருக்குய்யா! அடுத்த மாட்டுலேருந்து அவதான் பேசுவா!"

சொன்னாரே தவிர, சாயங்காலம் வரை அவர் பிடியிலிருந்து அந்த மைக்கை யாராலும் பிடுங்க முடியவில்லை.