கம்பெனி பேரும் கீசர் தண்ணியும்

அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, 'ரொம்ப வருத்தமா இருக்குங்க' என்று சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கும் தொழிலுக்கு மக்கள் தொடர்பு என்று பெயர். ஊட்டிப் பக்கம் அரவேணுவைத் தாண்டி ஒரு தேயிலைக் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. ஒரு ஃபேக்டரி, அதன் வாசலில் டீத்தூள் கடை, மேலே சரிவில் வெளியூர்க்காரர்கள் தங்க நாலைந்து காட்டேஜ். எதைப் பற்றி யார் எங்கே எழுதினாலும் என் போன்தான் அடிக்கும். கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருப்பவர்களே, பள்ளிக்கூட ஆபீசில் பெற்றோரைச் சமாளிப்பவர்களே, உங்களுக்கு நான் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஸ்டார்

காட்டேஜில் தங்கிவிட்டுப் போன சென்னைக்காரர் ஒருவர் இணையத்தில் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தார். 'வியூ இருக்கிறது என்று விளம்பரம். இருந்த வரை வெறும் புகை' என்று எழுதியிருந்தார். ஜூலை மாதத்து மூடுபனிக்கு நான் என்ன செய்ய? ஆனாலும் போன் போட்டேன். முதலில் கத்தினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. மனைவிக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம். டாக்டரும் கையை விரித்துவிட்டார். தெரிகிறபோதே மலையை ஒருதரம் காட்டிவிட வேண்டுமென்று கூட்டி வந்திருக்கிறார்.

மனப்பாடமான வாசகங்களை ஒதுக்கிவைத்தேன். "ஜனவரியில வாங்க சார், வானம் தெளிவா இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் போன் கை மாறியது. அவர் மனைவி பேசினார்: "அவருக்குத்தாம்மா கோவம். எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சிருந்துது. யாருக்குமே ஒண்ணும் தெரியல பாரு, நானும் மத்தவங்க மாதிரியே இருந்தேன்."

சாயம்

திருப்பூரிலிருந்து வந்துபோன ஒரு பெண், எங்கள் டீத்தூளைத் தண்ணீரில் போட்டு வீடியோ எடுத்தாள். "பச்சைத் தண்ணியிலயே எப்படிக் கலர் இறங்குது பாருங்க, அத்தனையும் சாயம்!" இரண்டே நாளில் அது மலை முழுக்கச் சுற்றிவிட்டது. ஊட்டிக் கடைகள் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பின. கொழுந்து பறிக்கிற பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க, ஃபேக்டரிய மூடிருவாங்களா?" என்று கேட்டார்கள். மேனேஜர், "கேஸ் போடுங்க ஜெயராணி!" என்று குதித்தார். நான் நீளமாக ஒரு மறுப்பு எழுதிப் போட்டேன். அதை என் வீட்டுக்காரர்கூடப் படிக்கவில்லை.

கடைசியில் அந்தப் பெண்ணுக்கே போன் செய்தேன். எடுத்ததும் பயந்துவிட்டாள். சண்டைக்கு வரவில்லை, சந்தேகம் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றேன். எங்கே பிடித்த தண்ணீர் என்று கேட்டபோது, பாத்ரூம் குழாயில் என்றாள். எந்தக் குழாய்? போனோடு எழுந்து போய்ப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "கீசர் குழாய்ங்க" என்றாள். சுடுதண்ணீரில் போட்டால் கலர் இறங்கத்தானே செய்யும்? சிரிப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அது அவள் புதிதாகத் தொடங்கிய சேனல். தப்பு என்று சொன்னால் ஊரே கேலி செய்யும். சும்மா இருந்தால் எங்கள் பெண்களுக்கு வேலை போகும். அன்று சாயங்காலம் இருவரும் போனிலேயே உட்கார்ந்து அவளுடைய அடுத்த வீடியோவுக்கு வசனம் எழுதினோம். தானே தன்னைக் கிண்டல் செய்துகொண்டு, அதே தூளை நிஜமான பச்சைத் தண்ணீரில் போட்டு, உடனே கலர் இறங்காததைக் காட்டினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் அவளோடு சேர்ந்து. கடைகள் மறுபடி ஆர்டர் கொடுக்கத் தொடங்கின. வீடியோ போடுவதற்கு முன்னால் அவள் சொன்னது இது: "அக்கா, உங்க கம்பெனி பேரு கெடாம நான் பாத்துக்கறேன். என் பேரு கெடாம நீங்க பாத்துக்கங்க."

வீட்டில்

வெளியில் பேசிப் பேசி வீட்டிலும் அதே வாய் வந்துவிடுகிறது. ஒருநாள் என் வீட்டுக்காரர், அவர் அக்கா வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வராமல் போனதற்காகக் கோபப்பட்டார். நான் நிதானமாக, "உங்க மனசு எவ்வளவு சங்கடப்பட்டிருக்கும்னு புரியுதுங்க. இனிமே இப்படி நடக்காம பாத்துக்கறோம்" என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "'பாத்துக்கறோம்'னா யாரு யாரு? இந்த ஊட்ல நீயும் நானுந்தானே இருக்கறோம்? எங்கிட்டயாவது திருப்பித் திட்டு புள்ள."

விருந்தினர் அனைவரும்

ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. கரண்டும் இல்லை. காட்டேஜே சரிந்துவிட்டதாக யாரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டார்கள். கோயம்புத்தூர் தலைமை அலுவலகம் உடனே அறிவிப்புப் போட்டது: 'எங்கள் விருந்தினர் அனைவரும் பத்திரமாக உள்ளனர்.' அதற்குப் பிறகும் போன் ஓயவில்லை. நல்லா இருக்காங்க, சாப்பிட்டாங்க, சளி பிடிக்கல என்று அவர்கள் வீட்டார் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் சேரம்பாடியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். எங்கள் சமையல்காரர் செல்வத்தின் மனைவி. "விருந்தாளிங்க பத்திரம்னு போட்டிருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் விருந்தாளி இல்லீங்களே. அவரு இருக்காருங்களா?"

போனை வைக்காமல் காட்டேஜ் சமையற்கட்டுக்கு ஓடினேன். மாட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் செல்வம் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். அவர் போனில் சார்ஜ் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. என் போனை வாங்கியவர், "நான்தான்" என்றார். அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கரண்டியை நான் வாங்கிக் கிண்டினேன்.

பிறகு தலைமை அலுவலகத்துடன் ஒரு சண்டை. அறிவிப்பு நீளமாகிவிடுமாம். ஆகட்டும் என்றேன். சமையல், காவல், தோட்டம், ஃபேக்டரி என்று அங்கே இருந்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எல்லோரும் நலம் என்று போடவைத்தேன். மறுநாள் செல்வத்தின் மனைவி மறுபடி கூப்பிட்டார். "நேத்து அவரு குரலைக் கேட்டப்பகூட அழுகலீங்க. இன்னிக்கு அவரு பேரைப் போட்டிருக்கறதப் பாத்துதான் அழுதுட்டேன்."

இப்படி ஊரார் பேரையெல்லாம் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றுகிற எனக்கு, கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் இன்றைக்கும் பேர் 'திரு. ஜெயராமன்' என்றுதான் இருக்கிறது.