மாடியில் மூன்று சிவப்பு வட்டங்கள்

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தரையில் என் கணவர் சிவப்பு பெயிண்டால் மூன்று சின்ன வட்டங்கள் போட்டு வைத்திருந்தார். டெலஸ்கோப் ஸ்டாண்டின் மூன்று கால்களையும் அவற்றில் வைத்தால் போதும், அது நேராக வடக்கு பார்த்து நிற்கும். தினமும் திசை தேட வேண்டியதில்லை. நான் துணி காயப்போடப் போகும்போதெல்லாம், "அதை மட்டும் மிதிச்சு அழிச்சிடாத தாயே" என்பார்.

அவர் தவறிய பிறகு, பார்க்கப் பார்க்கத் தாங்காமல், டெலஸ்கோப்பை ஸ்டாண்டோடு அவருடைய நண்பருக்குக் கொடுத்துவிட்டேன்.

மழைக்கு முன்னால் மாடிக்கு வாட்டர்ப்ரூஃப் பூச ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். சாயங்காலம் ஏறிப் பார்த்தேன். தரை முழுக்க வெள்ளை. அந்த மூன்று வட்டங்கள் மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தன.

"ஏதோ அளவெடுத்துப் போட்ட குறி மாதிரி இருந்துச்சுக்கா. கேக்காம அழிக்க மனசு வரல" என்றார். "பூசிடட்டுமா? விட்டா தண்ணி எறங்கும்."

சரியென்று தலையாட்டினேன். இரண்டைப் பூசிவிட்டார். மூன்றாவதற்கு பிரஷ்ஷைக் கொண்டுபோனபோது, "அது இருக்கட்டும்ணா" என்றேன்.

இப்போது மழை பெய்தால் அந்த இடத்தில் ஒழுகுகிறது. கீழே வாளி வைக்கிறேன். ஒற்றைக் காலுக்கு மட்டும் இடம் விட்டு எந்த ஸ்டாண்டையும் நிறுத்த முடியாது. எனக்கும் தெரியும்.