பின்னால படி இருக்கு மாப்ள

என் மாமனார் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று சாக்கோட்டை வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது மாதமே அவரை வீடு தாங்கவில்லை. மிக்ஸியைக் கழற்றி மாட்டினார். மாட்டிய பிறகு அது ஓடவில்லை. வாசல் கேட்டுக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தார். கடைசியில் மாமியார் என் மனைவிக்குப் போன் போட்டு, "ஒங்கப்பாவ எங்குட்டாச்சும் கூட்டிட்டுப் போகச் சொல்லுடி மாப்ளய" என்றார்.

நான் காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுப்பவன். கண்டரமாணிக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம் இருந்தது. அதற்கே கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் கல்யாணமாகி அப்போது பன்னிரண்டு வருஷம். அத்தனை வருஷத்தில் மாமாவும் நானும் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் பேசியதில்லை. வாங்க மாப்ள, சாப்டீகளா மாப்ள, போய்ட்டு வாங்க மாப்ள. அவ்வளவுதான். அன்றும் கார் ஏறியதிலிருந்து நான் கியர் போடும் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். தப்பென்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து கிம்பலை எடுத்தேன். கேமராவைத் தாங்கிக்கொள்ளும் கைப்பிடி அது. மூன்று மோட்டார் இருக்கும். நடக்கும்போது நம் கை ஆடினாலும் படம் ஆடாது. ஆனால் ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால் கேமராவை அதில் சமமாக உட்கார வைத்தாக வேண்டும். முதலில் முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கணும், பிறகு மேலே கீழே, பிறகு இடம் வலம். கையை எடுத்தால் எந்த நிலையில் விட்டோமோ அந்த நிலையிலேயே கேமரா நிற்க வேண்டும். நூலளவு தள்ளியிருந்தாலும் தலையைத் தொங்கப் போட்டுவிடும், இல்லையென்றால் அண்ணாந்து ஆகாசத்தைப் பார்க்கும்.

நான் கால் மணி நேரமாக அதோடு மல்லுக்கட்டுவதை மாமா எதிரே நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மோட்டார்தான் இருக்குல்ல மாப்ள? அது தூக்கிக்கிடாதா?"

"தூக்கும் மாமா. ஆனா கனத்தத் தூக்குறது அதோட வேலை இல்ல. ஆட்டத்த அடக்குறதுதான் வேலை. சாய்ஞ்ச கேமராவ அது தலையில வச்சா, சூடேறி நடுங்க ஆரம்பிச்சிரும். பேட்டரியும் நிக்காது."

"அது சரி" என்றார். பிறகு, "ஒரு பக்கமாவே கூட்டம் தொங்குனா வண்டி இப்பிடித்தான் இழுக்கும்" என்றார், எனக்கா தனக்கா என்று தெரியாமல்.

வழக்கமாக என்னோடு வரும் கூட்டாளிக்கு அன்று வேறு மண்டபம். பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வர, அவர்களைப் பார்த்தபடி நான் பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும். அந்த மாதிரிப் பெரிய வீடுகள் முற்றம் முற்றமாகப் பின்னால் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டைத் தாண்டி அடுத்த கட்டுக்குப் போவதற்குள் எத்தனை நிலைப்படி, எத்தனை இறக்கம்! பின்னால் ஒருவர் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மல்லாக்க விழ வேண்டியதுதான். தயங்கித் தயங்கி மாமாவிடம் கேட்டேன். மாமனாரிடம் போய் என் இடுப்பைப் பிடியுங்கள் என்று எப்படிக் கேட்பது?

அவர் தயங்கவே இல்லை. வந்து பெல்ட்டைக் கப்பென்று பிடித்தார். "வரலாம், வரலாம், வரலாம்... லேசா வலது... பின்னால படி இருக்கு மாப்ள, கால எடுத்து வைங்க... வரலாம்..." என்று ஆரம்பித்துவிட்டார். வருஷக்கணக்கில் அவர் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர்கள் பின்னால் நின்று சொன்னதையெல்லாம் அன்றைக்கு எனக்குச் சொன்னார். தூண் வந்தபோது, நிற்கச் சொல்லி "ஹோல்டான்!" என்று கத்தினார். பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் அந்த வீடியோவிலேயே அழகான இடம்.

அதற்குப் பிறகு எல்லா முகூர்த்தத்துக்கும் வந்தார். ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "அந்தச் சமம் பாக்குற வேலைய நானும் செஞ்சு பாக்கட்டுமா?" என்று கேட்டார். சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடினார். கேமரா சாயச் சாய, "ஏய், நில்லு" என்று அதை அதட்டினார். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் கையை எடுத்தார். கேமரா நின்றது. கீழே திருப்பிவிட்டார், அப்படியே நின்றது. மேலே திருப்பினார், நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அதிலிருந்து அது அவர் வேலை ஆகிவிட்டது. என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். செய்து முடித்த பிறகு யாரும் கேமராவில் விரல் வைக்கக் கூடாது, நானும்தான்.

மானகிரிப் பக்கம் ஒரு சர்ச் கல்யாணத்தில் நான் விரல் வைத்துவிட்டேன். ஃபாதர் பேசுவது தெளிவாகக் கேட்கட்டும் என்று கடைசி நிமிஷத்தில் கேமரா தலையில் ஒரு மைக்கைச் செருகினேன். மாமாவிடம் சொல்லவில்லை. பெண் உள்ளே வந்து நாலு எட்டு வைப்பதற்குள் கிம்பல் கையில் நடுங்க ஆரம்பித்து, கேமரா மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனது. நான் மைக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி எடுப்பதற்குள் பெண் பாதி தூரம் வந்திருந்தாள்.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டார்.

"வண்டியில லோடு ஏத்துனா டிரைவர்ட்டச் சொல்லணுமா வேணாமா?"

"சின்ன மைக்குதான மாமா..."

"நூலளவுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நீகதான?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என் கேமரா, என் தொழில். இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் நானே சாக்கோட்டைக்குப் போய், "மாமா, நாளைக்கு ஒரு நிச்சயதார்த்தம். மைக்கும் மாட்டணும். வந்து பாத்துக் குடுத்தாத்தான் ஆகும்" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பினார். எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

போன தை மாதம் அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம். வேறு ஆளைப் போடலாம் என்றேன். "அத்தான்தான் எடுக்கணும்" என்று கொழுந்தியா ஒற்றைக் காலில் நின்றாள். அன்று காலையில் பட்டு வேட்டியும் சந்தனமுமாக, வாசலில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருக்க, மணமகள் அறை மேசையில் குனிந்து கிம்பலைச் சமம் பார்த்துக்கொண்டிருந்தார் மாமா. மாமியார் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் மேடைக்கு வருவேன் என்று கொழுந்தியாவுக்கு ஆசை. இப்போதெல்லாம் நிறையப் பெண்கள் அப்படிக் கேட்கிறார்கள். ஆகவே மாமா எனக்கு எதிரே. பின்னால் பெல்ட்டைப் பிடித்திருந்தது என் கூட்டாளி. மாமாவுக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. வாசலிலிருந்து மேடை வரைக்கும் மகளையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. என் காலுக்குப் பின்னால் தரையையே பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு வருகிறார் என்று நினைத்தார்கள். எனக்குத்தான் கேட்டது. "வயரு கெடக்கு... தாண்டுங்க... இங்குட்டு, இங்குட்டு..."

சாயங்காலம் பெண்ணை அனுப்பி வைக்கும் நேரம். அலங்கரித்த கார் பக்கத்தில் கொழுந்தியா எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். நான் எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பெல்ட்டை ஒரு கை பிடித்தது. அந்தப் பிடி எனக்குத் தெரியும். நான் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தேன், யாரும் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பிடித்த பிடியை அவர் விடவில்லை.

"அப்பா எங்க?" என்று கொழுந்தியா கூட்டத்தில் தேடினாள்.

"மாமா, ஒங்களத்தான் தேடுது. முன்னாடி போங்க."

"நீக எடுங்க மாப்ள. நான் இங்குட்டு நிக்கிறேன்."

நான் கேமராவை நிறுத்தினேன். திரும்பி அவர் கையை மெதுவாக எடுத்து, தோளைப் பிடித்து முன்னால் நடத்திக்கொண்டு போய் மகள் எதிரில் நிறுத்தினேன். அவள் அப்பா நெஞ்சில் முகத்தை வைத்து ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் நிமிர்ந்து, "பிரஷர் மாத்திரையக் காலைல போட்டீகளா, இல்லியா?" என்று கேட்டாள். அவர் முழித்தார். "போடலைல? எனக்குத் தெரியும்" என்று அந்த அழுகையோடேயே திட்ட ஆரம்பித்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், மாமியார் உட்பட. மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அதை நான் எடுக்கவில்லை. எடுக்கவில்லையே என்று கொழுந்தியாவுக்கு இன்னும் கோபம். மாமாவுக்கு இல்லை.